அவள் செத்துப்போகாத நாடகம்

யாரும் நம்பப்போவதில்லை என்று, ஏழுமலையான் இருக்கும் திசையைப் பார்த்து வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டுத்தான் இந்தக் கதையைத் தொடங்குகிறேன். ஊரார் நம்பமாட்டார்கள், ஏனென்றால் சொல்பவன் நான். நீ நம்பமாட்டாய், ஏனென்றால் இதில் பெரும்பகுதி நடந்தபோது நீ கூடவே இருந்தாய். என் அக்கா பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டம் உனக்குத் தெரியுமே, புளுகு மாமா. யானைமேல் ஏற்றி, வெண்குடை பிடித்து, ஐம்பத்தாறு தேசத்து ராஜாக்கள் சேர்ந்து கொடுத்த விருதைப் போல அதை இன்னமும் சுமந்துகொண்டு திரிகிறேன்.

நேற்று சித்தூரில் வேலூர் பஸ் ஏறினேன். வீடியோ பஸ். யாரோ ஒரு கூடை மாம்பழத்தை வைக்கோல் போட்டுக் கட்டி முன் சீட்டுக்கு அடியில் தள்ளியிருந்தார்கள். பழுத்துக்கொண்டிருக்கும் பழமும் சூடேறிய வைக்கோலும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறும்போதே மேலே பெட்டியில் மழை பெய்ய ஆரம்பித்தது. இந்தப் படங்களில் மழை எதற்குப் பெய்யும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கதாநாயகனின் தங்கை ஓடுகிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. வளையல் உடைகிறது. விளக்கு அணைகிறது. கண்டக்டர் எக்கிச் சத்தத்தைக் கூட்டினார். என் பக்கத்தில் இருந்தவர் வேர்க்கடலை உரிப்பதையும் நிறுத்தவில்லை, திரையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. முன் சீட்டில், கூலி வேலைக்குப் போய்த் திரும்புகிற ஒரு பெண், முந்தானையைக் காதுவரை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, வெறும் கரம்பு. அந்தக் காட்சி முடிகிறவரை அந்தக் கரம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா வாத்தியாரே, உன் சரக்கு ஓடுது" என்று நீ சொல்வாய் என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். வேர்க்கடலைக்காரர், கேட்கிறேன் என்று நினைத்து, கொஞ்சம் கடலை கொடுத்தார்.

திருப்பதியில் நீ போய்ச் சேர்ந்த சேதி, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது. அழுதேனா என்று கேட்காதே. என் கண்ணீரில் சொர்ணமுகி ஆறு கரை புரண்டது, கலெக்டர் படகு விட்டார் என்று சொல்லலாம்தான். சொன்னால் "படகு எத்தினி?" என்று கேட்க நீ இல்லை. மறுத்துப் பேச ஆள் இல்லாத ஊரில் பொய் சொல்வது எவ்வளவு சப்பென்று இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கம்பெனிக்கு நான் தட்டியில் எழுதிய பெயர் ஞாபகம் இருக்கிறதா? ஆசியாக் கண்டத்தின் அதிசய நாடக சபா. ஆசியாக் கண்டம் என்றால் புத்தூர், நகரி, சத்தியவேடு, சித்தூர், மீறிப் போனால் பங்காருபாளையம். அதிசயம் என்றால் நீ. பெண் வேஷத்தை ஆண்களே கட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு நிஜப் பெண், தமிழிலும் தெலுங்கிலும் ஒரே மூச்சில் வசனம் பேசுகிறவள். மீதியெல்லாம் ஒட்டுப்போட்ட படுதா, ஒரு பக்கம் மட்டும் மூச்சு விடும் ஆர்மோனியம், அதை மிதிக்கும் முதலாளி, வில்லன் எத்திராஜு. எத்திராஜுவின் மீசை காளஹஸ்தியில் தொடங்கிக் காட்பாடியில் முடியும். ஆனால் மேடையில் உன் கையைப் பிடித்து இழுக்கும் ஒவ்வொரு முறையும் "நோவுதாக்கா?" என்று உதடு அசையாமல் கேட்கிற மனுஷன். நான் வாத்தியார். நாடகம் எழுதுகிறவனுக்கு அந்தப் பெயர். நான் எழுதினால் காகிதம் தீப்பிடிக்கும்.

ஆந்திர ராஜ்யம் பிறந்து தொட்டில் ஆடிக்கொண்டிருந்த காலம். எல்லை எங்கே என்ற பஞ்சாயத்து தீரவில்லை. காலையில் ஒருவன் வந்து சுவரில் தமிழில் எழுதுவான். சாயங்காலம் இன்னொருவன் வந்து அதன்மேல் தெலுங்கில் எழுதுவான். சுவர்க்காரன் இரண்டு பாஷையிலும் திட்டுவான். வீட்டில் நைனாவோடு தமிழ், சந்தையில் தெலுங்கு, மாட்டை ஓட்டும்போது இரண்டும் என்று இருந்த ஜனங்களை, நீ எந்தப் பக்கம் என்று நிற்கவைத்துக் கேட்டார்கள். தாம் எந்த ராஜ்யத்து எருமை என்று விளங்காமல் எங்கள் பக்கத்து எருமைகள் மூன்று மாதம் பால் கறக்கவில்லை.

ஊருக்கு ஒரு எல்லைக் கமிட்டி. கமிட்டி என்றால் கூட்டம், கூட்டம் என்றால் நாடகம். தமிழ்ப் பக்கத்துக் கமிட்டி ஒன்று முதலில் நம்மைப் பிடித்தது. நான் எழுதிக்கொடுத்தேன். மாங்காய் பொறுக்கப் போகிறாள் ஒரு தமிழ்ப் பெண். தெலுங்கு பேசுகிற முரடன் ஒருவன் அவளைத் தோப்பில் மறிக்கிறான். பெட்ரோமாக்ஸ் மேல் கூடையைக் கவிழ்த்து இருட்டாக்குவது, தகரத்தை அடித்து இடி, உன் அலறல். கூடையை எடுத்தால் நீ அவிழ்ந்த கூந்தலும் சிதறிய பூவுமாகக் கிடப்பாய். எழுந்து எல்லையைப் பற்றி ஒரு முழுப் பக்கம் பேசுவாய். பிறகு மாமரத்தில் தூக்கு. திரை.

ஒத்திகையில் நீ காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாய்.

"வாத்தியாரே, இவ நாலு காட்சியில வர்றா. ஒரு வாட்டியாவது துன்றாளா?"

"இன்னாத்துக்குமே துன்னணும்?"

"யாரையாவது திட்டறாளா? யார்கிட்டனா சண்ட போடறாளா? எதுவும் கெடையாது. கெடுக்கறதுக்குன்னே பெத்து வுட்டாமாதிரி கீறாளே."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பெரும்புலவர் தோரணையில் விளக்கினேன். "அவ வெறும் பொண்ணு இல்லமே. அவதான் நம்ம மண்ணு. மண்ண பறிக்கறாங்க இல்ல, அதான் அர்த்தம்."

"மண்ணுன்னா மண்ணையே கொட்டு மேடையில. ரெண்டு கூட போதும். என்னிய இன்னாத்துக்குப் படுக்க வெக்கற?"

எத்திராஜு சிரித்தார். முதலாளி ஆர்மோனியத்தை மிதித்துப் பேச்சை மூடினார். நாடகம் நடந்தது. ஜனங்கள் அழுத அழுகையில் பெட்ரோமாக்ஸ் இரண்டு முறை அணைந்தது. விசிலும் பறந்தது. இருட்டில் உன் அலறல் வந்த இடத்தில்தான் விசில் அதிகம். படுதாவுக்குப் பின்னால் முகத்து மாவைத் துடைத்துக்கொண்டே நீ சொன்னாய்: "அழுவறவன் வேற, விசிலடிக்கறவன் வேறன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இல்ல வாத்தியாரே. ஒரே ஆளு."

நாடகம் எடுபட்ட சேதி எதிர்ப்பக்கத்துக்கும் போயிற்று. நாலு மைலுக்கு அந்தாண்டை தெலுங்குப் பக்கத்துக் கமிட்டி. அவர்களுக்கும் அதே நாடகம் வேண்டுமாம், ஆனால் பெண் தெலுங்குப் பெண், முரடன் தமிழ் பேசுகிறவன். முதலாளி யோசிக்கக்கூட இல்லை. நான் உட்கார்ந்து பாஷையை மட்டும் மாற்றினேன். அதே தோப்பு, அதே புடவை, அதே பூ, அதே தகரம். அலறலை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அங்கேதான் எத்திராஜு அந்தத் தவறைச் செய்தார். உலகத்தில் வேறெந்த ஊர்க்காரனும் செய்ய முடியாத தவறு. தமிழ் பேசவேண்டிய முரடன், பழக்கதோஷத்தில், உன் கையைப் பிடித்ததும் தெலுங்கில் கர்ஜித்துவிட்டார். நீ தெலுங்கில் கெஞ்சுகிறாய், அவரும் தெலுங்கில் மிரட்டுகிறார். முன்வரிசையில் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "ஒரே, வீடு மனவாடேரா!" என்றார். இவன் நம்ம ஆள்தானடா! அவ்வளவுதான். நம்ம ஆள் அப்படிச் செய்யமாட்டான், எவன்டா எழுதினது என்று கல் பறந்தது. நான் ஒரே தாவலில் நகரி மலையைத் தாண்டினேன். ஆர்மோனியம் என்னை முந்திக்கொண்டு ஓடியது.

வண்டியில் வரும்போது நீ விலா நோகச் சிரித்தாய். புத்தூர் தாண்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

"அதுவரிக்கும் நான் கத்தனது யார் காதுலயும் வுழவே இல்ல வாத்தியாரே. அவன் இன்னா பாஷ பேசறான்னுதான் எல்லாரும் கேட்டுக்கினு இருந்தாங்க."

இன்றைக்கும் யாராவது என்னிடம் கதையில் இதையெல்லாம் எழுதலாமா கூடாதா என்று வழக்காடினால், எனக்கு அந்த மாட்டுவண்டியின் அச்சுச் சத்தம்தான் கேட்கிறது.

பிறகு பங்காருபாளையத்துக்குப் பக்கத்து ஊர். பெயர் வேண்டாம். தமிழ் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் ஒரே கிணற்றடியில் குடம் வைக்கிற ஊர். அங்கே கமிட்டிக்குத் தலைவர் ஒரு மாந்தோட்டக்காரர், தமிழ்க்காரர். நம்மை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"வாத்தியாரே, கற்பன பண்ணி கஷ்டப்படாத. எங்க ஊர்லியே நடந்துகீது. போன காய் சீசன்ல, கூலிக்கு வந்த பொண்ணு. அத்தையே போடு."

"யாரு செஞ்சது?" என்று நீ கேட்டாய்.

"அந்தப் பக்கத்தான்னு வெச்சிக்கோ."

"வெச்சிக்கோன்னா?"

"வெச்சிக்கோன்னா வெச்சிக்கோதான்."

யார் செய்தது என்று டீக்கடைக்காரரே நமக்குச் சொல்லிவிட்டார். தோட்டக்காரருடைய அக்கா மகன். அவள் பேசுகிற அதே தமிழைப் பேசுகிறவன். ஊருக்கே தெரியும். தெரிந்த ஊர் முழுக்க, அது அந்தப் பக்கத்தான் என்று வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தது.

மத்தியானம் என்னிடம் குடையைக் கொடுத்துவிட்டு நீ மண்டியைப் பார்த்து நடந்தாய். ஓலைக் கொட்டகை, மலைமலையாகக் காய், வைக்கோல், பெண்கள் தரம் பிரித்துக் கூடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தள்ளி உட்காரச் சொன்னது யார் என்று தெரியவில்லை. இருபது வயதுகூட இருக்காது. நீ போய் அவள் எதிரில் உட்கார்ந்து நீயும் காய் பொறுக்க ஆரம்பித்தாய். நான் கொட்டகைக்கு வெளியே, குடையை ரிப்பேர் செய்கிறவனைப் போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். குடை அந்த நடிப்பில் உண்மையாகவே உடைந்துவிட்டது.

"நீதான் நாடகக்காரியா?" அவள் குரல்தான் முதலில் வந்தது. "என்னிய வெச்சி ஆடப்போறீங்களாமே."

"கேள்விப்பட்டியா?"

"ஊரே சொல்லிக்கினு கீது. என் வேஷத்த யாரு கட்டறது?"

"நான்தான்."

உன்னை அளந்து பார்த்திருப்பாள். "நீ என்னிய வுட செவப்பா கீற" என்றாள். நீ சிரித்தாய். அவளும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

"கடைசில தூக்கு மாட்டிக்கினு செத்துப்போறாளாமே?"

"அப்பிடித்தான் எழுதிகீது."

"நான் சாவலியே" என்றாள். "இங்கதான கீறேன். காய் பொறுக்கிக்கினு கீறேன். நாளைக்கு அத்த பாத்துட்டு எல்லாரும் அழுதுட்டு வருவாங்க. வந்து என்னிய பாப்பாங்க. இவ ஏன் இன்னும் கீறான்னு கேப்பாங்க."

காய்கள் கூடையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. என் கையில் உடைந்த குடைக்கம்பி.

"கெட்டுப்போனவ, கெட்டுப்போனவங்கறாங்க. கெட்டுப்போன காய் எதுன்னு எனக்குத் தெரியாதா? தெனமும் அத்தைத்தான பொறுக்கிப் போடறேன். அமுக்குனா உள்ள போவும். இந்தா, என் கைய அமுக்கிப் பாரு."

நீ அமுக்கிப் பார்த்தாயா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆடாதன்னு சொன்னா வுடுவாங்களா?" என்று நீ கேட்டாய்.

"வுடமாட்டாங்க. நீ இல்லன்னா வேற ஒருத்தி. ஆடறதா இருந்தா நான் எழுந்து வந்தத ஆடு."

"எப்பிடி வந்த?"

"மண்ண தட்டிக்கினு வந்தேன். கூடைய எடுத்துக்கினேன். வுட்டுட்டு வந்தா கங்காணி கேப்பான். வழியில அத்த வூட்டு மாடு தண்ணி இல்லாம கத்திக்கினு இருந்துச்சி, தண்ணி காட்டனேன். வூட்டுக்கு வந்து உல வெச்சேன். கஞ்சி துன்னேன்." அங்கே அவள் குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்கி எனக்கு பசி எடுத்துச்சிக்கா. அதான் இன்னிக்கி வரிக்கும் எனக்கு வெக்கமா கீது. மத்தது இல்ல. எப்பிடி பசி எடுத்துச்சின்னு."

திரும்பி வரும்போது, கொட்டகை மறைந்த பிறகு, "கடைசிக் காட்சிய கிழிச்சிடு" என்றாய்.

நான் வாதாடினேன். சாவு இல்லாமல் சோகம் ஏது, சோகம் இல்லாமல் நாடகம் ஏது, உலகத்தில் எந்தக் கதையில் இப்படிப்பட்டவள் உயிரோடு இருந்திருக்கிறாள் என்று கேட்டேன்.

"அதான் சொல்றேன். எல்லாக் கதையிலும் கொன்னுட்டீங்க. கெடுக்கறதுக்கு ஒருத்தன், கொல்றதுக்கு வாத்தியாரு. ஒருத்திக்கு ரெண்டு பேரா?"

"ஜனங்க கல்லால அடிப்பாங்கமே."

"அவ செத்தா கைதட்டுவாங்க. அவ உயிரோட வந்தா இன்னா பண்றாங்கன்னு பாக்கலாம், வா."

"கமிட்டிக்காரரு என் தோல உரிச்சிடுவாரு."

"உரிக்கட்டும். உனக்குத்தான் தோலு ஏழு சுத்து கீதே."

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் நாடகம் தொடங்கியது. வந்த கூட்டத்தைச் சொல்லட்டுமா? பதினைந்தாயிரம் பேர். சித்தூர் காலி, சிறைச்சாலையில் வார்டர்கூட இல்லை. சரி, சரி, பந்தல் நிறைய இருந்தார்கள். தோட்டக்காரர் முன்னால் நாற்காலியில். அவருடைய அக்கா மகன் பந்தல்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றான், தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கல்யாண வீட்டுக்கு வந்தவனைப் போல. பெண்கள் பக்கத்தில் கடைசியில், சாக்கு விரித்து, அவள்.

தோப்புக் காட்சி வந்தது. நீ குனிந்து காய் பொறுக்கினாய். எத்திராஜுவின் மீசை உள்ளே வந்தது. கூடையைக் கவிழ்க்க ஆள் தயார், தகரம் தயார். நீ நிமிர்ந்து அவரைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து மேடையை விட்டுப் போனாய். எத்திராஜு உன் பின்னால் போனார். மேடையில் யாரும் இல்லை. கூடை கவிழவில்லை. இடி இல்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் முழுசாக வெறும் பலகையின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

எவனோ ஒருவன் வழக்கப்படி ஒரு விசில் அடித்தான். தனி விசில். அடித்தவனே பாதியில் விழுங்கிவிட்டான்.

வெளிச்சத்தில் ஒரு வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். இருட்டாக்கியிருந்தால் ஆளுக்கு ஒன்றை நினைத்துக்கொண்டிருப்பார்கள். நினைக்க வேண்டியதை நான்தான் தகரத்தால் அடித்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது எந்தப் பக்கத்தான் என்று சொல்லவும் குரல் இல்லை. தமிழ் இல்லை, தெலுங்கு இல்லை. பந்தலில் இருந்த ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு நீ மறுபக்கத்திலிருந்து வந்தாய். கூந்தல் கலையவில்லை, முடிந்திருந்தது. முழங்கையில் இருந்த மண்ணைத் தட்டினாய். கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாய். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாய். அந்த மேடை அவ்வளவு நீளம் இல்லை, ஆனாலும் நீ நடந்துகொண்டே இருந்தாய். வழியில் நின்று இல்லாத மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாய். அது குடித்து முடிக்கிறவரை நின்றாய். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினாய். உட்கார்ந்து கஞ்சி குடிக்க ஆரம்பித்தாய். பாத்திரத்தில் நிஜக் கஞ்சி இருந்தது. ஒவ்வொரு வாயாக, அவசரம் இல்லாமல், பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி.

தோட்டக்காரரால் பொறுக்கமுடியவில்லை. "யாருன்னு சொல்லு! எந்தப் பக்கத்தான்னு சொல்லுமே!" என்று நாற்காலியிலிருந்து கத்தினார்.

நீ வாயில் இருந்ததை விழுங்கினாய். அவரைப் பார்த்தாய். "உனக்குத் தெரியாதாண்ணா?" என்றாய். மறுபடியும் குனிந்து சாப்பிட்டாய்.

பந்தல்காலைப் பிடித்திருந்தவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவனைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க ஒரு ஊரே அத்தனை பாடுபட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை. கழுத்துகள் இறுகிப்போயிருந்தன.

அப்போது பெண்கள் பக்கத்தில் அவள் எழுந்தாள். சாக்கை உதறினாள். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓரமாகப் போகாமல், ஆண்கள் பக்கத்து நடுவழியாக நடந்து போனாள். கால்களை மடக்கிக்கொண்டு வழி விட்டார்கள். கைதட்டல் இல்லை. அழுகை இல்லை.

நம்மை அடித்துத் துரத்தினார்கள் என்று என் அக்கா பிள்ளைகளிடம் சொல்லிவந்திருக்கிறேன், தோட்டக்காரரின் வேட்டைநாய்கள் இமயமலைவரை வந்தன என்று. உண்மையில் அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அது இன்னும் மோசம். நாம் படுதாவைச் சுருட்டினோம். ஒரு ஆள் வண்டி பிடித்துக்கொடுத்தான். எத்திராஜு மட்டும் வண்டியில் ஏறியதும் ஒட்டு மீசையைப் பிய்த்து எறிந்துவிட்டு, இனி இந்த வேஷம் கட்டமாட்டேன் என்று அழுதார்.

பிறகு எல்லை தீர்ந்தது. சில ஊர்கள் அங்கே போயின, சில ஊர்கள் இங்கே நின்றன. கமிட்டிக்காரர்கள் வேறு வேலை பார்க்கப் போனார்கள். கம்பெனி கலைந்தது. நீ திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை போட்டாய். மாங்காய் சீசனில் நீ அந்த ஊருக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவது எனக்கு வெகுநாள் தெரியாது. அதன் பிறகு அவளைப் பார்த்து, இவள் ஏன் இன்னும் இருக்கிறாள் என்று அந்த ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை என்று சொன்னாய். வேலைக்கும் யாரும் கூப்பிடவில்லை என்றும் சொன்னாய். சித்தூர் மண்டிக்கு நடந்து போய் வந்தாளாம்.

அந்த இட்லிக் கடையில் ஒருநாள், சட்னி வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நீ சொன்னதுதான் என்னை விடவே இல்லை. "நாம செஞ்சது சரின்னு நெனச்சிக்கினு கீறியா வாத்தியாரே? காட்டாம வுட்டோம், சரி. காட்டாம வுட்டதுல அவனும்தான் தப்பிச்சிக்கினான். நாம அவன் பேர சொல்லலியே."

"அவ கேக்கலியே" என்றேன்.

"அதான். அவ கேக்கலன்னு நாம வுட்டோமா, பயந்து வுட்டோமா? தெனமும் மாவு ஆட்டறப்ப இத்தத்தான் நெனச்சிக்கினு கீறேன்." அடுத்த ஆளுக்குச் சட்னி ஊற்றப் போய்விட்டாய். நான் இட்லியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நான் பத்திரிகைக்கு எழுதினேன். தொடர்கதை கேட்டவர்கள் எல்லோரும் ஆறாவது அத்தியாயத்தில் அந்த மாதிரி ஒன்று வேண்டும் என்றார்கள். மழை, விளக்கு, வளையல், மீதியை நட்சத்திரம் போட்டு விட்டுவிடலாம் என்றார்கள். எழுதாமலே இருந்துவிடு என்று நீ எனக்குச் சொல்லவில்லை. எழுதாமல் விட்டால், அப்படி ஒன்று நடக்காத உலகத்தை நான் எழுதுகிறேன் என்று ஆகும்; அவ்வளவு பெரிய பொய் எனக்கே வராது. எழுத உட்கார்ந்தால் எழுதுமுன் அவள் எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். இவள் அதற்கு முன்னால் யாரைத் திட்டினாள், எதற்குச் சிரித்தாள், அதற்கு அப்புறம் எந்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள் என்று தெரியாத கதையில் என் பேனா அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. தெரிந்த கதையிலும் நிற்கிறது. இதைப் படிப்பவர்களில் ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாளா, அல்லது அப்பாடா, நான் மட்டும் இல்லை என்று மூச்சு விடுவாளா என்று கேட்டுக்கொண்டே நிற்கிறது. இப்படி நின்று நின்றே நான் பெரிய எழுத்தாளன் ஆகாமல் போனேன். நம் நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று வருங்காலம் சொல்லும்.

சரி, கணக்குத் தீர்த்துவிடுகிறேன். கூட்டம் பதினைந்தாயிரம் இல்லை, உனக்குத் தெரியும். எருமைகள் பால் கறந்துகொண்டுதான் இருந்தன. நகரி மலையை நான் தாவவில்லை, சுற்றிக்கொண்டுதான் போனேன். எத்திராஜு பிறகும் வில்லன் வேஷம் கட்டினார், அவருக்கும் வயிறு இருந்ததே. தோட்டக்காரரைப் பார்த்து "உனக்குத் தெரியாதாண்ணா?" என்று நீ கேட்டது இருக்கிறதே, அதை நீ கேட்டாயா, நீ கேட்டிருக்கவேண்டும் என்று நான் பிற்பாடு எழுதிக்கொண்டேனா, இவ்வளவு காலம் சொல்லிச் சொல்லி இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள நீயும் இல்லை.

அவளுக்கு அன்றைக்குப் பசி எடுத்தது. அது மட்டும் நிஜம். அதைக் கற்பனை செய்கிற அளவுக்கு எனக்குத் திறமை போதாது.